நாற்பத்தொரு நாள் கழித்து வந்த மறுப்பு: ஓர் இணைய அடைவின் தொகுப்பாசிரியர் சேர்க்கை குறித்து

கல்லூரி நூலகராக முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். புத்தகத்தைப் புரட்டி, அது எந்தப் பொருளைச் சேர்ந்தது என்று முடிவு செய்து, முதுகில் எண் ஒட்டி, உரிய அலமாரியில் வைப்பதே என் பிழைப்பாக இருந்தது. அந்தத் தெம்பில், பொங்கல் முடிந்த கையோடு இணையதளங்களைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பட்டியலிடும் ஓர் இணைய அடைவின் தமிழ்ப் பகுதிக்குத் தன்னார்வத் தொகுப்பாசிரியராக விண்ணப்பித்தேன். நாற்பத்தொரு நாள் கழித்து, மாசி மாதம் பாதி கடந்த பிறகு, 'தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை' என்ற மின்னஞ்சல் வந்தது. கடைகளையும் உணவகங்களையும் மதிப்பிடுவதைப் போல இந்தச் சேர்க்கை முறையையும் மதிப்பிட்டால், விண்ணப்பிக்க எண்ணியிருக்கும் சிலருக்காவது பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். அடைவின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஊதியமின்றி உழைக்கும் சிலர் நடத்தும் இடத்தை, என் ஒருவனுடைய அனுபவத்தை வைத்துப் பெயர் சொல்லிக் குறை கூறுவது முறையாகாது. அது இவ்வகை அடைவுகளில் பெயர்பெற்ற டீமாஸும் அன்று, அதன் வாரிசான கர்லியும் அன்று என்பதை மட்டும் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

ஆனால் டீமாஸைப் பற்றிச் சொல்லாமல் இப்படிப்பட்ட அடைவு எதையும் விளக்க முடியாது. 1994-இல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ ஆகிய இருவர் தொடங்கிய யாகூ அடைவு, சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தளங்களைப் பிரித்து அடுக்கியது. பிற்காலத்தில் வணிகத் தளங்களிடம் ஆண்டுக்கு 299 டாலர் கட்டணமும் வாங்கியது. இணையம் பெருகிய வேகத்துக்கு இந்த முறை ஈடுகொடுக்காது என்று கருதிய ரிச் ஸ்க்ரெண்டாவும் பாப் ட்ரூயலும், தன்னார்வலர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்ய 1998 ஜூனில் க்னூஹூ என்ற பெயரில் ஓர் அடைவைத் தொடங்கினார்கள். க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் பெயரை ஆட்சேபித்ததும் அது நியூஹூ ஆயிற்று. அதே ஆண்டில், இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனம் அதை வாங்கி 'திறந்த அடைவுத் திட்டம்' என்று பெயர் மாற்றியது. டைரக்டரி, அந்த நிறுவனத்தின் உலாவித் திட்டமான மொஸில்லா என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துச் சுருக்கியதே டீமாஸ். கூகுள் நிறுவனம் 2000 முதல் 2011 வரை நடத்திய கூகுள் டைரக்டரிக்கும் சரக்கு இங்கிருந்தே போனது. 'மனிதர்கள் இதைச் சிறப்பாகச் செய்வார்கள்' என்பது டீமாஸின் முழக்கம். 2017 மார்ச்சில் அது மூடப்பட்டபோது 38 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிவுகளும் அதில் இருந்தன. 90,000-க்கும் மேற்பட்ட தொகுப்பாசிரியர்கள் என்று அதன் முகப்பு சொல்லிக்கொண்டிருந்த கணக்கு, தொடக்கத்திலிருந்து வந்து போனவர்கள் அனைவரையும் சேர்த்த கணக்கு. எங்கள் ஊர்ச் சங்க நூலகத்திலும், இறந்துபோன உறுப்பினர்களைப் பட்டியலிலிருந்து நீக்காமல் வைத்து ஆண்டறிக்கையை அழகுபடுத்துவார்கள்.

நான் விண்ணப்பித்த அடைவும் இதே வார்ப்பில் செய்யப்பட்டதுதான். தமிழ், அதற்குள் குறிப்புதவி, அதற்குள் நூலகங்கள் என்று கிளைவிட்டுப் போகும் பிரிவில் பதினான்கு தளங்கள் இருந்தன. விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தேன். ஐந்து திறக்கவில்லை. ஒன்று திறந்தது, ஆனால் நூலகம் இருந்த இடத்தில் சீட்டாட்டத் தளம் ஒன்று குடியேறியிருந்தது. பழைய உரிமையாளர் முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டதும் வேறு யாரோ அதை வாங்கியிருக்க வேண்டும். அடைவில் மட்டும், 'கிராமப்புற மாணவர்களுக்கான பொது நூலகம்' என்ற பழைய குறிப்பு அப்படியே இருந்தது. இதைப் பார்த்த பிறகு, நான் இங்கே தேவைப்படுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

படிவத்தைப் பாராட்ட வேண்டும். பெயர், தெரிந்த மொழிகள், விரும்பும் பிரிவு, அதில் ஆர்வம் ஏற்பட்ட காரணம், விண்ணப்பதாரருக்கு எவ்வகையிலேனும் தொடர்புள்ள தளங்கள் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். பிறகு, அந்தப் பிரிவில் சேர்க்கத்தக்க மூன்று தளங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பும் ஓரிரு வரிக் குறிப்பும் எழுதச் சொல்கிறார்கள். கல்விச் சான்றிதழையோ வயதையோ எவரும் கேட்கவில்லை. பட்டம் இருக்கிறதா என்று பாராமல் வேலையைச் செய்து காட்டச் சொல்லும் இந்த முறை, நான் கண்ட நேர்காணல்கள் பலவற்றைவிட நேர்மையானது. வழிகாட்டு நெறிகளும் விரிவாக உள்ளன. அவற்றை நான் முழுதாகப் படிக்கவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். வகைப்படுத்துவது எப்படி என்று எனக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா என்ற எண்ணம்தான்.

இனி மறுப்பு மடல். மொத்தம் நான்கு பத்திகள். முதல் பத்தி நன்றி கூறுகிறது. இரண்டாவது, ஏற்க இயலாமையைத் தெரிவிக்கிறது. மூன்றாவது பத்தி, 'கீழ்க்கண்டவற்றுள் ஒன்றோ பலவோ காரணமாக இருக்கலாம்' என்று தொடங்கி ஒன்பது காரணங்களை வரிசையாகச் சொல்கிறது: படிவம் முழுமையாக நிரப்பப்படாதது, புதியவருக்குப் பொருந்தாத அளவு பெரிய பிரிவைக் கேட்டது, எழுத்துப் பிழைகள், குறிப்புகள் விளம்பரம் போல் அமைந்தது, ஏற்கெனவே அடைவில் உள்ள தளங்களை மாதிரியாகத் தந்தது, தொடர்புகளை மறைத்தது என்று பட்டியல் நீள்கிறது. நான்காவது பத்தி, மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு, இந்த மடலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று முடிகிறது. ஒன்பதில் எது என்னுடையது என்பதற்கு ஒரு குறியும் இல்லை.

என் முக்கியமான குறை இதுதான். மருத்துவரிடம் போனவனிடம், உலகில் உள்ள காய்ச்சல்களின் பட்டியலைக் கொடுத்து, இவற்றுள் ஒன்று உனக்கு இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினால் எப்படி இருக்கும்? என் விண்ணப்பத்தை யாரோ ஒருவர் படித்திருக்கிறார், படித்துத்தான் தள்ளியிருக்கிறார். தள்ளும் நொடியில் காரணம் அவர் மனத்தில் இருந்திருக்கும். அந்தக் காரணத்துக்கு நேரே ஒரு குறி இட அரை நிமிடம்கூட ஆகாது. குறி இட்டால் விண்ணப்பதாரர் வாதாடத் தொடங்குவார், அதற்குப் பதில் எழுதியே பொழுது போய்விடும் என்று அவர்கள் அஞ்சலாம். அந்த அச்சம் எனக்கும் புரிகிறது. தாமதக் கட்டணத்துக்காகப் பேராசிரியர்கள் என்னிடம் நடத்திய வழக்குகளை இன்றும் நான் மறக்கவில்லை. ஆனாலும் ரசீதில், எத்தனை நாள் தாமதம், நாளுக்கு எவ்வளவு என்று எழுதித்தான் கொடுத்தேன்.

காரணத்தை அவர்கள் சொல்லாததால் நானே தேட வேண்டியதாயிற்று. வழிகாட்டு நெறிகளை இம்முறை முழுதாகப் படித்து, அனுப்பிய படிவத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறொருவருடைய விண்ணப்பத்தைத் திருத்துவது போல உட்கார்ந்தேன். முதல் மாதிரியாக மதுரைத் திட்டத்தைக் கொடுத்திருந்தேன். தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாக வழங்க 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு நான் எழுதிய குறிப்பு இது: 'தமிழ் ஆர்வலர் ஒவ்வொருவரும் கண்டு மகிழ வேண்டிய அரிய இலக்கியக் களஞ்சியம், இவர்களது தொண்டு போற்றுதற்குரியது.' படித்தபோது கூச்சமாக இருந்தது. இந்த இரண்டு வரிகளிலிருந்து அங்கே என்ன கிடைக்கும் என்று ஒருவராலும் அறிய முடியாது. புத்தகமா, ஒலிப்பதிவா, படங்களா? இலவசமா, கட்டணமா? எதற்கும் விடை இல்லை. பொன்னாடை போர்த்தும் கூட்டத்தில் பேசுவது போல எழுதியிருக்கிறேன். நெறிகளின்படி அது இப்படி இருந்திருக்க வேண்டும்: 'சங்க காலம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரையிலான தமிழ் நூல்களின் மின்பதிப்புகளைக் கட்டணமின்றிப் படிக்கவும் பதிவிறக்கவும் தரும் தன்னார்வத் திட்டம்.'

இரண்டாவது மாதிரி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பாதுகாத்து வரும் நூலகம் திட்டம். குறிப்பு ஓரளவு சரியாகவே இருந்தது. ஆனால் அந்தத் தளம் அடைவில் ஏற்கெனவே இருக்கிறது. நான் பார்த்த நூலகங்கள் பிரிவில் இல்லாமல், இலங்கை என்ற கிளையின் கீழ் இருக்கிறது. அதைத் தேடாமல் விட்டது என் பிழைதான். ஆனால் இந்த இடத்தில் அடைவின் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பழைய இதழ் ஒன்றைத் தேடும் ஆய்வாளர் நூலகங்கள் என்று போவாரா, இலங்கை என்று போவாரா? மரம் போலக் கிளைவிடும் அடைவில் ஒரு பொருளுக்கு ஓரிடம்தான். டீமாஸில், பிரிவின் பெயருக்குப் பின்னால் ஒரு குறியை இட்டு, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவ வழி வைத்திருந்தார்கள். நான் சொல்லும் அடைவில் அந்த வசதியும் இல்லை.

இந்தச் சிக்கல் நூலகர்களுக்குப் புதிதில்லை. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் முட்டிக்கொண்டதும் இதே சுவரில்தான். இலண்டனில் படித்த காலத்தில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டு, ஒரே துண்டுகளை வெவ்வேறு விதமாக இணைத்து வெவ்வேறு பொம்மைகள் செய்யலாம் என்றால், பொருள், இடம், காலம் ஆகியவற்றையும் துண்டுகளாக வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப இணைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளிவந்த கோலன் வகைப்பாடு என்ற நூல் பகுப்பு முறை அதன் விளைவு. 'நூலகம்' என்ற துண்டும் 'இலங்கை' என்ற துண்டும் சேர்ந்தால் இரண்டு வழியாகத் தேடுபவருக்கும் வழி கிடைத்துவிடும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு கணினியில் கட்டிய அடைவு, ஒற்றைக் கிளையை விட்டு இறங்க மறுப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மூன்றாவது மாதிரியைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாக இராது. அது பழைய புத்தகங்களை விற்கும் தளம். நடத்துபவர் என் தங்கை மகன். தொடர்புள்ள தளங்கள் என்ற கட்டத்தில் நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். எழுதும்போது பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை. எனக்கு அதில் பங்கும் இல்லை, காசும் இல்லை. நல்ல புத்தகங்கள் வைத்திருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அடைவை நடத்துபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் வேறாகத் தெரிகிறது. தளத்தின் உரிமையாளர் பெயரையும் விண்ணப்பதாரரின் ஊரையும் சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தம் தளத்தையோ உறவினர் தளத்தையோ உள்ளே நுழைப்பதற்காகவே விண்ணப்பிப்பவர்கள், தன்னார்வ அடைவுகளுக்குத் தொடக்கக் காலம் முதலே தீராத தொல்லை. கூகுள் டீமாஸின் பட்டியலைப் பயன்படுத்திய காலத்தில், அதில் இடம்பெறுவது வணிகத் தளங்களுக்குப் பணமாகவே மாறியது. அதனால்தான் படிவத்தில் இந்தக் கேள்வி இருக்கிறது. தொடர்பு இருந்தால் தவறில்லை, சொல்லிவிட வேண்டும் என்றுதான் நெறிகளும் கூறுகின்றன.

ஆக, ஒன்பது காரணங்களில் குறைந்தது மூன்று எனக்குப் பொருந்துகின்றன. அந்த முகமறியாத தொகுப்பாசிரியரின் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இந்த விண்ணப்பத்தைத் தள்ளியிருப்பேன். முடிவில் எனக்குக் குறை இல்லை. தெரிவித்த விதத்தில்தான் குறை. மூன்று இடத்தில் குறியிட்ட மடல் வந்திருந்தால், நான் ஒரே வாரத்தில் திருந்திய விண்ணப்பத்தோடு திரும்பியிருப்பேன். பொதுப் பட்டியல் வந்ததால் முதல் இரண்டு வாரம் கோபத்திலேயே கழிந்தது. அந்தக் கோபத்தோடு வேறு வேலைக்குப் போய்விடும் விண்ணப்பதாரர்களே மிகுதி என்று நினைக்கிறேன். பதினான்கில் ஆறு இணைப்புகள் பயனற்றுக் கிடக்கும் அடைவு, வந்த ஆளை இப்படி இழக்கும் நிலையில் இல்லை. டீமாஸில் நான்கு மாதம் ஒரு திருத்தமும் செய்யாத தொகுப்பாசிரியரின் கணக்கு தானாக முடங்கிவிடும். இங்கே அப்படி ஒரு விதி இருப்பதாகத் தெரியவில்லை. நூலகங்கள் பிரிவின் கீழே தொகுப்பாசிரியர் என்று ஒருவர் பெயர் இருக்கிறது. கடைசியாக அந்தப் பக்கம் புதுப்பிக்கப்பட்ட தேதி ஆறு ஆண்டுகளுக்கு முந்தையது.

மதிப்பெண் என்று கேட்டால், படிவத்துக்கும் வழிகாட்டு நெறிகளுக்கும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மறுப்பு மடலுக்கு ஒன்று. நாற்பத்தொரு நாள் தாமதத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. சம்பளமில்லாதவர்கள் தம் வீட்டு வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து படிக்க வேண்டிய படிவம் அது.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள், மாதிரியாகத் தரும் தளங்களை முதலில் அடைவு முழுவதிலும் தேடிப் பார்த்துவிடுங்கள். குறிப்பில் 'சிறந்த', 'அரிய', 'முதன்மையான' என்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். நானும் மறுபடி விண்ணப்பிக்கப் போகிறேன். இம்முறை நூலகங்கள் வேண்டாம். நூல் பைண்டிங் என்று ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது, மொத்தம் நான்கு தளங்கள், நான்கும் திறக்கின்றன. தொடர்புள்ள தளங்கள் என்ற கட்டத்தில் தங்கை மகனின் கடையை எழுதிவிட்டேன். நெறிகளில் மாமன் உறவும் தொடர்பாகக் கொள்ளப்படுமா என்று தெளிவாக இல்லை, எதற்கும் இருக்கட்டும்.