மூன்று வருஷம் பழகிய போக்கர் பயிற்சிச் செயலியும் அந்தச் சிவப்புக் குறியும்

தீபாவளித் தள்ளுபடியில் வருடச் சந்தா பாதி விலைக்கு இறங்கியிருக்கிறது. "நீதான் மூணு வருஷமா வெச்சிருக்கியே, வாங்கலாமா?" என்று இரண்டு நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சொன்னால் அரைகுறையாக நின்றுவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

செயலியின் பெயர் வேண்டாம். இந்த வகைச் செயலியைத் தொட்டவர்களுக்கு அமைப்பு தெரியும். ஒரு கை கொடுக்கும். பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயக் குவியலில், எவ்வளவு இருக்கிறது, எதிராளி எவ்வளவு போட்டார் என்று காட்டும். கால் (அவர் போட்டதையே நாமும் போடுவது), ஃபோல்ட் (கையைக் கைவிடுவது), ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது) மூன்றில் ஒன்றை அழுத்தினால், சால்வர், அதாவது எதிராளி நம்மைச் சுரண்ட முடியாத ஆட்டத்தைக் கணக்கிடும் நிரல், போட்ட கணக்கோடு ஒப்பிட்டு மார்க் போடும். காசு வைத்து ஆடும் செயலி இல்லை இது. ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு அப்புறம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் சொல்கிறேன். நாங்கள் ஆறு பேர் சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் ஆடுவது புளியங்கொட்டைக்கு. ஆளுக்கு நூறு கொட்டை. மாதக் கடைசியில் நோட்டுக் கணக்கில் பின்தங்கியவர் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். அவ்வளவுதான் பணயம். ஆனால் ஒவ்வொரு கொட்டையையும் எண்ணித்தான் போடுவோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெரிய நல்லது. இந்தச் செயலிக்கு முன்னால், நாலு ஆட்டின் (ஹார்ட்) சீட்டு சேர்ந்துவிட்டால், ஜோடிகளையெல்லாம் அடிக்கும் ஐந்தாவது வரும்வரை என்ன விலை கேட்டாலும் கொடுப்பேன். இப்போது விலையைக் கேட்டுவிட்டுத்தான் கை கொட்டைப் பக்கம் போகிறது.

போன மாதம் நடந்த ஒரு கை. என்னிடம் ஆட்டின் ஜாக்கியும் ஆட்டின் ஒன்பதும். கீழே எல்லாருக்கும் பொதுவாக ஆட்டின் ராஜா, ஆட்டின் நாலு, கிளாவர் ரெண்டு, டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) ஸ்பேடு ஏழு. பாட்டில் 24 கொட்டை. மச்சான் 12 போட்டார். அவரிடம் ராஜா ஜோடி இருக்கிறது என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நான் 12 போட்டால் மொத்தம் 48 ஆகும். அதாவது நாலில் ஒரு தடவையாவது நான் ஜெயிக்க வேண்டும், 25 சதவீதம். என் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 46, அதில் ஆட்டின் 9. கிட்டத்தட்ட 19.6 சதவீதம். இதோடு நிறுத்தினால் ஃபோல்ட் செய்ய வேண்டிய கை.

ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. ஆட்டின் விழுந்தால் ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) அவரிடமிருந்து இன்னும் எவ்வளவு வாங்க முடியும் என்பதையும் சேர்க்க வேண்டும். 37 தடவை 12 கொட்டையை இழக்கிறேன், 9 தடவை 36 கொட்டையோடு கூடுதலாக ஏதோ கிடைக்கிறது. இரண்டும் சமமாக அந்தக் கூடுதல் 13-க்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். 14 என்று வைத்துக்கொள்ளலாம். மச்சானிடம் அறுபது கொட்டைக்கு மேல் மிச்சம் இருந்தது. ராஜா ஜோடியை அவர் ஃபோல்ட் செய்து நான் பார்த்ததே இல்லை. 14 கொட்டை நிச்சயம் வரும். கால் சொன்னேன்.

ரிவரில் வந்தது டைமண்ட் மூன்று. 12 கொட்டையும் போனது.

பழைய நானாக இருந்தால் அந்த ராத்திரி முழுக்க "ஏன் போட்டேன்" என்று புரண்டிருப்பேன். இப்போது அப்படி இல்லை. அதற்குக் காரணம் செயலியில் உள்ள ஒரே ஒரு வசதி. பயிற்சியில் நாம் முடிவெடுத்த பிறகு அடுத்த சீட்டைக் காட்டவே காட்டாது. ஆட்டின் வந்ததா, வரவில்லையா, தெரியாது. எடுத்த முடிவுக்கு மட்டும் மார்க் கொடுத்துவிட்டு அடுத்த கைக்குப் போய்விடும். முதல் ஒரு மாதம் இது தாங்க முடியாமல் இருந்தது. அப்புறம்தான் அடுத்த சீட்டைப் பார்க்கும் ஆசை எவ்வளவு கெடுதல் செய்துகொண்டிருந்தது என்று புரிந்தது. சரியாக எடுத்த முடிவு தோற்கும், தப்பாக எடுத்தது ஜெயிக்கும். இதை வாயால் எல்லாரும் சொல்வார்கள். உடம்பில் ஏற்றியது இந்தச் செயலிதான். இதை யோசித்து வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

இனி கோபம்.

போன ஆனி மாதம் ஒரு அப்டேட் வந்தது. அன்றிலிருந்து நம் முடிவு சால்வர் அதிகம் தேர்ந்தெடுக்கும் முடிவாக இல்லையென்றால் சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறது. கீழே "தவறு" என்று ஒரு வார்த்தை. தொடர்ச்சியாகச் சேர்த்து வைத்த புள்ளி பூஜ்யத்துக்குப் போய்விடும். பார்வைக்குச் சின்ன விஷயம். கணக்குப்படி பார்த்தால் இது பொய்.

ரிவர் வந்தாயிற்று. பாட்டில் 100. எதிராளி 100 போடுகிறார். என் கை நடுத்தரமான ஒரு ஜோடி, அவர் ப்ளஃப் செய்தால், அதாவது ஒன்றுமில்லாத கையை வைத்து மிரட்டினால், மட்டுமே ஜெயிக்கும். 100 கொடுத்து 300-ஐ எடுக்கப் பார்க்கிறேன், ஆகவே மூன்றில் ஒரு முறை அவர் ப்ளஃப் செய்தால் எனக்குச் சரிக்குச் சரி. சால்வர் உருவாக்கும் எதிராளி மிகச் சரியாக மூன்றில் ஒரு முறைதான் ப்ளஃப் செய்வார். கால் சொன்னால் ஒரு முறை 200 வரும், இரண்டு முறை நூறு நூறாகப் போகும், மிச்சம் பூஜ்யம். ஃபோல்ட் சொன்னாலும் பூஜ்யம். செயலியே இரண்டுக்கும் நேராக 0.00 என்று காட்டுகிறது! அதற்குப் பக்கத்தில் கால் 52 சதவீதம், ஃபோல்ட் 48 சதவீதம். நான் ஃபோல்டை அழுத்தினேன். சிவப்பு. தவறு.

எதில் தவறு? இரண்டின் மதிப்பும் ஒன்று என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்களே.

அந்த 52 எதற்காக என்றால், பாட் அளவுக்குப் பந்தயம் வரும்போது நான் பாதிக்கு மேல் ஃபோல்ட் செய்பவன் என்று தெரிந்துவிட்டால், எதிராளி எந்தக் குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டும் 100 போட்டு லாபம் பார்ப்பார். அதைத் தடுக்கத்தான் இந்தக் கலப்பு. நூறு தடவை இதே இடம் வந்தால் ஏறக்குறைய 52 தடவை கால் என்று அந்த நூறையும் சேர்த்துச் சொல்லும் பேச்சு அது. ஒரு தடவை அழுத்திய ஒரு பொத்தானைப் பிடித்து நிறுத்தி மார்க் போட அதில் இடமே இல்லை. கணித மேதை ஜான் நாஷ் 1951-ல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலேயே மூன்று பேர் ஆடும் எளிய போக்கரை உதாரணமாக வைத்து, யாரும் தனியாக வழி மாற்றி லாபம் பார்க்க முடியாத இந்தச் சமநிலையைக் காட்டிவிட்டார். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் லிப்ராட்டஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் தோற்கடித்ததும் இந்தக் கலப்பை நம்பித்தான். ஒரே கையை ஒரு நேரம் ஒரு மாதிரியும் இன்னொரு நேரம் வேறு மாதிரியும் ஆடியது. அதை உட்கார வைத்து இந்தச் செயலியில் பரீட்சை எழுதச் சொன்னால் அதற்கும் பாதி இடத்தில் சிவப்பு விழும்.

அப்டேட்டுக்கு முன்னால் இதே இடத்தில் மஞ்சள் கோடு ஒன்று வரும், "இரண்டும் சரி" என்று இருக்கும். அந்தக் காலத்தில் நான் கைக்கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து முடிவெடுக்கப் பழகியிருந்தேன். முள் 31-க்குள் இருந்தால் கால், தாண்டியிருந்தால் ஃபோல்ட். மனசு இழுக்கும் பக்கம் சாயாமல் 52-ஐக் கொண்டுவர அது நல்ல வழி. இப்போது புள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் எப்போதும் பெரிய எண் உள்ள பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். 52 என்பது 100 ஆகிவிடுகிறது. எதைக் கற்றுக்கொடுக்க வந்ததோ அதையே அழிக்கிறது.

என் கோபத்துக்குச் சொந்தக் காரணமும் உண்டு. அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்திருந்தான். நிகழ்தகவு பாடம் பிடிக்காது என்பான். அவனை இதில் ஒரு வாரம் உட்கார வைத்து, பாட்டின் விலை, மிச்சமுள்ள சீட்டு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்லாமலே 9-ஐ 46-ஆல் வகுக்க ஆரம்பித்தான். எட்டாவது நாள் தொடர்ந்து நாலு சிவப்பு. நாலுமே இந்த 0.00 ரகம். "மாமா, எனக்கு இது வராது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். நான் எவ்வளவு விளக்கியும் அவன் கண்ணில் அந்தச் சிவப்புதான் நின்றது. ஒரு பையன் சரியாக யோசித்ததைத் தப்பு என்று சொல்லி அனுப்பியதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டு முறை ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுதினேன். இரண்டு முறையும் ஒரே பதில், "கருத்துக்கு நன்றி".

இன்னொன்று, தள்ளுபடி அடிப்படைச் சந்தாவுக்கு மட்டும்தான். எதிராளியின் பழக்கத்தை நாமே மாற்றிவைத்துப் பார்க்கும் வசதி மேல்நிலைச் சந்தாவில் இருக்கிறது. நம்மைப் போல வீட்டில் ஆடுபவர்களுக்கு அதுதான் முக்கியம். என் மச்சான் ரிவரில் பெரிய பந்தயம் போட்டால் பத்தில் ஒன்றுகூட ப்ளஃப் இருக்காது. பத்தில் ஒன்று என்றே வைத்தாலும், மேலே சொன்ன கையில் கால் சொல்வது சராசரியாக 70 நஷ்டம். கண்ணை மூடிக்கொண்டு ஃபோல்ட். அடிப்படைச் சந்தாவில் அதற்கும் சிவப்புதான்.

போக்கரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தச் செயலி கொடுத்தது. அதை மறுக்க மாட்டேன். இருந்தாலும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறேன். பாதி விலையிலும் வாங்க வேண்டாம். என் சந்தா மார்ச்சில் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை.

கேட்ட இரண்டு பேரும் சனிக்கிழமை எட்டு மணிக்கு மாடிக்கு வாருங்கள். சீட்டுக்கட்டு என்னிடம் இருக்கிறது. ஆளுக்கு நூறு கொட்டை எடுத்துவைக்கிறேன். ரிவர் சீட்டைக் கவிழ்த்தே வைத்து ஆடிப் பார்க்கலாம். அக்கா மகனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.