பச்சையைக் கற்றுக்கொண்ட நான்கு நாட்கள்: ஓவியப் பயிலரங்கு முடிந்து ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு

நாகர்கோவிலில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் நிறுவனம் ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக வடிவமைப்பாளராக இருக்கிறேன். கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள். வேலைக்கு வந்த புதிதில் ஞாயிறுதோறும் வரைந்தேன். அது மாதம் ஒருமுறை ஆனது, பிறகு நின்றே போனது. கடைசியாக வாங்கிய ஸ்கெட்ச் புத்தகத்தில் ஒன்பது பக்கங்கள் நிரம்பியிருந்தன. மீதிப் பக்கங்கள் ஆறு ஆண்டுகளாக வெள்ளையாகவே கிடந்தன. எப்போதாவது பென்சிலை எடுத்தால் கை தானாகவே மயிலையும் குத்துவிளக்கையும் மாங்காய்க் கொடியையும் போட்டது. அதைக் கண்டு பயந்துதான் நிலக்காட்சி ஓவியப் பயிலரங்கு ஒன்றில் சேர்ந்தேன். நான்கு நாள், மதியச் சாப்பாட்டோடு 3,500 ரூபாய், டிசம்பர் மாதம். இப்போது ஜூன், நடுவில் ஓர் ஆண்டு முழுதாகக் கழிந்துவிட்டது. முடிந்த மறுநாளே இதை எழுதியிருந்தால் வெறும் உற்சாகத்தைத்தான் எழுதியிருப்பேன். எது தங்கியது, எது உதிர்ந்தது என்று இப்போதுதான் சொல்ல முடிகிறது.

முதல் நாள் தேரூர் குளக்கரை. கரைக்கு அப்பால் கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் வயல்கள், வடக்கே தாடகை மலை, முந்தின இரவு மழை பெய்திருந்ததால் மலையின் இடுப்பில் வெள்ளை மேகம். எல்லோரும் பெட்டியைத் திறந்து நேராகப் பச்சையில் தூரிகையை நனைத்தோம். எங்கள் ஆசிரியர் எழுபதை நெருங்கியவர், குரலை உயர்த்தவே மாட்டார். என் பக்கத்தில் வந்து நின்று, "மக்களே, நிறத்தை மூடி வை. அரை மணி நேரம் வெளிச்சத்தை மட்டும் பார்" என்றார். தீப்பெட்டி அளவில் ஆறு கட்டங்கள் போடச் சொன்னார். ஒவ்வொன்றிலும் அதே காட்சி. வெள்ளை, நடுத்தரம், கறுப்பு என மூன்றே சாயல்கள். எங்கே வெளிச்சம் குவிகிறது, எங்கே இருள் கூடுகிறது என்பது தவிர வேறு எதையும் வரையக் கூடாது. தென்னை மட்டையை ஒவ்வொன்றாகப் போட ஆசைப்பட்டேன். தென்னந்தோப்பு முழுவதும் ஒரே கறுப்புத் திட்டு என்று ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு கட்டங்கள் தேவைப்பட்டன.

அதன் பிறகுதான் வண்ணம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் சாப் கிரீன் என்ற பச்சைக் குழாயைப் பிதுக்கி வயல் முழுவதும் பூசினேன். மூன்று சாயல் பார்த்துவிட்ட தைரியத்தில் நன்றாகவே வந்திருக்கிறது என்று நினைத்தேன். வரப்பில் மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டா நின்று, நெடுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கிறது. ஆனால் நட்டு எத்தனை நாளான பயிர் என்று இதில் தெரியவில்லையே" என்றார்.

அந்தக் கேள்விதான் எனக்கு இந்தப் பயிலரங்கு. அவர் கண்ணுக்கு நாற்றங்காலின் பச்சை வேறு, நடவு முடிந்து வெள்ளம் நிற்கும் வயலின் பச்சை வேறு, தூர்கட்டிய பயிரின் பச்சை வேறு, கதிர் வாங்கிப் பால் பிடித்த பச்சை வேறு. நெல் வயல்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு எல்லாம் ஒரே குழாயிலிருந்து வந்தது. ஆசிரியர் அதைக் கேட்டுக்கொண்டே வந்து, என் பேலட்டிலிருந்து சாப் கிரீனைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, இரண்டு நீலமும் மூன்று மஞ்சளும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் மட்டும் விட்டுவைத்தார். எலுமிச்சை மஞ்சளில் கோபால்ட் நீலத்தை ஒரு பொட்டுத் தொட்டால் நாற்றங்கால். அல்ட்ராமெரின் நீலத்தில் காம்போஜ் மஞ்சளைக் கூட்டினால் தூர்கட்டிய பயிரின் கருமை. அதே அல்ட்ராமெரினில் காவி மஞ்சளைச் சேர்த்தால் தூரத்துத் தென்னை. மலைக்குப் பச்சையே வேண்டாம்; அல்ட்ராமெரினோடு சிறிது பர்ன்ட் சியன்னா சேர்ந்தால் வருகிற நீலச் சாம்பல் போதும். மலையில் மரங்கள் பச்சையாக இருப்பது நமக்குத் தெரியும், ஆனால் நடுவிலுள்ள காற்று அந்தப் பச்சையை நம் கண்ணுக்கு அனுப்புவதில்லை.

மறுநாள் முட்டம். செம்மண் மேடு, கறுத்த பாறைகள், கலங்கரை விளக்கம். வரைவதற்கு இவ்வளவு இருந்தும் எனக்கு அன்று ஒன்றும் கைகூடவில்லை. பத்து மணிக்கு மேல் கடல் கண்ணைக் கூசியது, வெள்ளைக் காகிதம் அதைவிடக் கூசியது. நிழலில் கலந்த நிறம் வெயிலில் வேறாகத் தெரிந்தது. காகிதத்தின் மேல் நிழல் விழும்படி திரும்பி உட்கார வேண்டும் என்பதை மதியம்தான் கற்றேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் அன்றைய நாளைக் காப்பாற்றின.

மூன்றாம் நாள் மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-இல் கட்டி முடித்தது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் வாய்க்கால் ஓடுகிறது. மேலே நின்று பார்ப்பவர்களே அதிகம். ஆசிரியர் எங்களைப் படி இறங்கி ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். தூண்களை வரையாதீர்கள், தூண்களுக்கு நடுவில் தெரியும் ஆகாயத்தின் வடிவங்களை வரையுங்கள் என்றார். முதல் இடைவெளி அகலம், அடுத்தது ஒடுக்கம், அதற்கடுத்தது இன்னும் ஒடுக்கம். அந்தத் துண்டு ஆகாயங்களைச் சரியாகப் போட்டதும், ஒரு கோடு கூடக் கிழிக்காத பாலம் தானாக எழுந்து நின்றது. அந்தப் படத்தை இன்றும் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அன்று மாலை ஓர் அச்சுப் பிரதியைக் காட்டினார். தாமஸ் டேனியல், அவர் சகோதரரின் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் 1792-இல் தென்னாட்டில் பயணம் செய்தபோது களக்காட்டுக்கு அருகிலிருந்து பார்த்து வரைந்த காட்சி. குமரிமுனை என்றே பெயரிட்டிருக்கிறார்கள். களக்காடு எங்கள் மலைத்தொடரின் மறுபக்கம். கப்பலேறி, மாட்டுவண்டித் தடங்களில் அலைந்து அவர்கள் பார்த்த மலையை, நான் முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பஸ் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான்காம் நாள் மழை. மண்டபத்துக்குள் எல்லோருடைய படங்களையும் சுவரில் மாட்டிப் பேசினோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இருபத்து நான்கு பேருக்கு ஒரே ஆசிரியர். ஒருவருக்கு ஒரு நாளில் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. ஏற்பாட்டாளர்கள் கொடுத்த பையிலிருந்த காகிதம் மெல்லியது. டிசம்பர் ஈரத்தில் ஒரு பூச்சுக்கே அப்பளம் போல நெளிந்தது, பள்ளங்களில் வண்ணம் தேங்கித் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனான பருத்திக் காகிதம் விலை கூடுதல்தான். ஆனால் தொடங்குகிறவருக்குத்தான் நல்ல காகிதம் வேண்டும், ஏனென்றால் தவறு தன்னுடையதா காகிதத்தினுடையதா என்று அவரால் பிரித்தறிய முடியாது. பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண் முதல் நாளே, தனக்கு இது வராது என்று சொல்லிவிட்டாள். அவள் கையில் குறையே இல்லை. இதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மாதம் ஒருமுறை தொடர் சந்திப்பு உண்டு என்று சொன்னார்கள். ஒன்று கூட நடக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இப்போது காலை வணக்கம் மட்டும் வருகிறது.

இந்த ஒன்றரை ஆண்டில் நான்கு ஸ்கெட்ச் புத்தகங்கள் நிரம்பியிருக்கின்றன. சீராக அல்ல. முகூர்த்த மாதங்களில் வேலை நெருக்கும், தை மாதம் முழுவதும் ஒரு பக்கம் கூட இல்லை. ஆனால் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது இப்போது கடினமாக இல்லை, ஏனென்றால் தீப்பெட்டிக் கட்டங்களுக்கு மனநிலை தேவையில்லை. மீந்துபோன அழைப்பிதழ் அட்டையில் ஒரு சின்ன சன்னல் வெட்டிப் பையில் வைத்திருக்கிறேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் அதன் வழியாகப் பார்த்து மூன்று சாயல் போட்டுவிடலாம். முன்பெல்லாம் வரையத் தோன்றும் என்று காத்திருந்தேன். இப்போது மூன்றாவது கட்டம் போடும்போது தோன்றுகிறது.

அலுவலகத்திலும் மாறியிருக்கிறது. தோவாளையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு, மயிலுக்குப் பதிலாக அவர்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலைகளை இரண்டே சாயலில் அழைப்பிதழின் அடியில் போட்டுக் கொடுத்தேன். மணப்பெண்ணின் அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மலை எது என்று மனைவிக்கு விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

பச்சை மட்டும் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. போன ஞாயிறு மறுபடி தேரூர் போனேன். முதல் போகமான கன்னிப்பூ நடவு முடிந்திருக்கிறது. வயல் பாதி பயிர், பாதி வெள்ளத்தில் தெரியும் ஆகாயம். முதலில் ஆகாயத்தைப் பூசிவிட்டு, அது ஈரமாக இருக்கும்போதே எலுமிச்சைப் பச்சையைத் தொட்டு வைத்தேன். பாதியில் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது, புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். நான்கைந்து துளிகள் விழுந்து, பூசிய இடத்தில் பூப்பூவாக விரிந்திருக்கின்றன. அழிக்கவில்லை. அதே ஆசிரியர் வரும் டிசம்பரில் மீண்டும் பயிலரங்கு எடுக்கிறார், பணம் கட்டிவிட்டேன். இந்த முறை காகிதம் நானே வாங்கிக்கொண்டு போகிறேன், பக்கத்தில் உட்காருகிறவருக்கும் சேர்த்து.