மதுரைக் கிளையில் மூன்று வகை வழக்குகள்: ஒரு மனு எழுத்தரின் மதிப்புரை

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு முதல் தடவை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே எதிர்பார்ப்போடு வருகிறார்கள். நடந்ததை எல்லாம் நீதிபதியிடம் சொல்லலாம், அவர் முழுக்கக் கேட்டு நியாயம் சொல்வார் என்று. சிவகங்கை மாவட்டத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். நான் மனு எழுதிக் கொடுத்தவர்களின் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனால், துணைக்கு நானும் போவதுண்டு. அங்கே சேவை எப்படி என்று பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், அரசு அலுவலகங்களுக்கு எதிரான ரிட் மனுவுக்கு மிக நல்ல சேவை. கிரிமினலுக்கு நல்ல சேவை. சிவில் இரண்டாம் மேல்முறையீடு என்றால் போவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். மூன்றிலும் நீதிபதி கேட்கிற கேள்வியே வேறு வேறு. அது தெரியாமல் போகிறவர்கள்தான் மனம் நொந்து திரும்புகிறார்கள்.

கிளை திறக்கப்பட்டது 2004 ஜூலை 24. அதற்கு முன்பு நாகர்கோவில்காரரும் ஒரு பட்டா வழக்குக்குச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இப்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மேலூர் ரோட்டில் பஸ் பிடித்தால் கிளை இருக்கிற உலகனேரி, பக்கத்திலேயே யானைமலை. வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும், ஆதாரை மறக்காதீர்கள். காலை 10.30க்குக் கோர்ட் உட்காரும்.

முதலில் ரிட். அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிற அதிகாரம் இது. தாசில்தார், கலெக்டர், பள்ளிக் கல்வித் துறை, மின்வாரியம் என்று அரசு சார்ந்த யார் போட்ட உத்தரவையும் இங்கே கேள்வி கேட்கலாம். பக்கத்து ஊர் அப்பத்தா ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றது. அலுவலகத்திலிருந்து வந்த தாளில் ‘தகுதியின்மை காரணமாக ரத்து செய்யப்படுகிறது’ என்று ஒரே ஒரு வரி. எதனால் தகுதி இல்லை, யார் வந்து விசாரித்தார்கள் என்று எதுவும் இல்லை. ‘எனக்குச் சொத்து இருக்குன்னு யாரோ சொல்லிருப்பாக தம்பி. என் வீட்டைப் போட்டோ பிடிச்சு ஜட்ஜய்யாகிட்டக் காட்டுவோமா?’ என்று கேட்டார். ஓலை சரிந்த வீடு. எடுத்த போட்டோவை வக்கீல் டைப்டு செட்டில் (மனுவோடு சேர்க்கும் ஆவணக் கட்டு) கடைசிப் பக்கமாக வைத்தார், ஆனால் அதை யாரும் புரட்டவே இல்லை.

நீதிபதி ரத்து உத்தரவைப் படித்தார். அரசு வக்கீலைப் பார்த்து, ரத்து செய்வதற்கு முன் நோட்டீஸ் கொடுத்தீர்களா என்று கேட்டார். அவர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவருக்குச் சொந்த வீடு இருப்பதாகக் களத் தகவல் என்று சொன்னார். அது இந்த உத்தரவில் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அவ்வளவுதான். உத்தரவு ரத்து, அப்பத்தாவுக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, எட்டு வாரத்துக்குள் காரணங்களோடு புதிதாக முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் அப்பத்தா என்னைக் கேட்டார்: ‘அப்ப பணம் வருமா, வராதா?’

நியாயமான கேள்வி. நீதிபதி அதற்குப் பதில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். ரிட்டில் நீதிமன்றம் பார்ப்பது முடிவு எடுக்கப்பட்ட விதத்தை. முடிவு சரியா என்று கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரி நாற்காலியில் நீதிபதி உட்கார மாட்டார். உச்ச நீதிமன்றம் 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதிகாரிக்கு அந்த அதிகாரம் இருந்ததா, பாதிக்கப்படுகிறவரைக் கேட்டாரா, காரணம் எழுதினாரா, பொருத்தமில்லாத விஷயத்தை மனதில் வைத்து முடிவெடுத்தாரா என்பவைதான் இங்கே கேள்விகள். சொந்த வீடு என்ற காரணம் ஏன் எடுபடவில்லை என்றால், உத்தரவில் எழுதாத காரணத்தைப் பின்னால் கோர்ட்டில் வந்து சேர்க்க முடியாது. 1977இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் வந்த தீர்ப்பு அது. ஏழைகளுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காரணம் எழுதாமல் ஒரு வரியில் கையெழுத்துப் போடுகிற எந்த அலுவலகத்தையும் ஒரு கூலித் தொழிலாளி இங்கே நிறுத்திக் கேட்க முடிகிறது. முறையாக விசாரித்ததும் அப்பத்தாவுக்கு உதவித்தொகை மறுபடி வர ஆரம்பித்தது.

இன்னொரு வகை ரிட், மனு கொடுத்தும் பதிலே வராதபோது போடுவது. உங்கள் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவு சொல்லுங்கள் என்று அதிகாரிக்கு உத்தரவு வாங்கலாம். இதற்கு உயிர்நாடி, நீங்கள் மனு கொடுத்ததற்கான ஆதாரம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் எந்த அலுவலகத்தை விட்டும் வெளியே வராதீர்கள் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பரிசீலிக்கச் சொல்கிற உத்தரவில் உங்கள் கோரிக்கை நியாயம் என்று எங்கும் இருக்காது. அதிகாரி பரிசீலித்து மறுத்தால், அந்த மறுப்பை எதிர்த்துத் திரும்பவும் வர வேண்டும். இந்தச் சுற்று பலரைச் சோர்வடையச் செய்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

பொதுநல வழக்கும், சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பவரைக் கோர்ட்டில் கொண்டுவரச் சொல்கிற ஆட்கொணர்வு மனுவும் இரண்டு நீதிபதிகள் முன்பு போகும். எங்கள் வறண்ட மண்ணை மூடியிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லி 2017இல் உத்தரவுகள் பறந்தது இந்தக் கிளையிலிருந்துதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலுக்குப் பின் இறந்தபோது, யாரும் மனுப் போடக் காத்திருக்காமல் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கு அனுப்பியது. ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டு வரச் சொன்னது. அந்த வாரம் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் எல்லாம் இதே பேச்சு. அரசாங்கத்தை நிறுத்திக் கேட்க ஓர் இடம் இருக்கிறது என்று ஜனங்கள் நம்பியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்தது கிரிமினல். இங்கே வருகிறவர்களில் ஏராளமானவர்கள் ஜாமீனுக்கும் முன்ஜாமீனுக்கும் வருகிறவர்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். என்ற புதுச் சட்டம் வந்ததில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. முன்பு 482 என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்கிற மனு. இப்போது அது 528. புதுச் சட்டத்தின் 482 முன்ஜாமீன். யாராவது நம்பரை மட்டும் சொன்னால் பழையதா புதியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். ரத்து மனுவில் நீதிபதி சாட்சிகளை எடைபோட மாட்டார். புகாரில் எழுதியிருப்பது அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் ஆகிறதா என்று பார்ப்பார். பஜன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஏழு வகைகளைச் சொல்லியிருக்கிறது, வக்கீல்கள் வாயில் அடிக்கடி வருகிற பெயர் அது. ‘நான் அன்னைக்கு ஊர்லயே இல்லை’ என்று சொல்வதற்கான இடம் இது இல்லை, அதை விசாரணைக் கோர்ட்டில்தான் சொல்ல வேண்டும். ஆனால் திருவிழாவில் கைகலந்த பங்காளிகள் சமாதானமாகிவிட்டால் இங்கே நல்ல வழி உண்டு. இரண்டு தரப்பும் கூட்டாகச் சமாதான மெமோ தாக்கல் செய்து நேரில் வர வேண்டும். இன்னார்தான் என்று போலீஸ்காரர் அடையாளம் சொல்ல, நீதிபதி ஒவ்வொருவரையும் கேட்பார். அண்ணன் தம்பி மக்கள் இருவர் அப்படி நின்றதைப் பார்த்தேன். கட்டாயப்படுத்தி யாரும் கையெழுத்து வாங்கினார்களா என்று தமிழிலேயே கேட்டார் நீதிபதி. இல்லைங்கய்யா என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். ஊரில் பேசிக்கொள்ளாத இரண்டு வீடுகள் ஒரே வேனில் திரும்பின. கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றை இப்படி முடிக்க முடியாது, அது சரியும்கூட.

கிரிமினல் அப்பீல் வேறு மாதிரி. செஷன்ஸ் கோர்ட் தண்டனை கொடுத்தால் அப்பீல் இங்கே வரும். அப்போது நீதிபதிகள் சாட்சியம் முழுவதையும் முதலிலிருந்து மறுபடி எடைபோடுவார்கள். கண்ணால் பார்த்த சாட்சி எங்கே நின்றார், எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட் கைக்குப் போனது, டாக்டர் சொன்ன காயமும் சாட்சி சொன்ன ஆயுதமும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாக எடுப்பார்கள். தூக்குத் தண்டனை என்றால் குற்றவாளி அப்பீல் போட்டாலும் போடாவிட்டாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. ஒரு மனிதனின் ஆயுளைப் பற்றிய வேலையில் இந்தப் பொறுமை எனக்கு நிறைவாக இருக்கிறது. அப்பீலுக்கு 60 நாள் கெடு, தூக்கு என்றால் 30 நாள்.

சிவிலுக்கு வருவோம். கீழே முன்சீப் கோர்ட்டிலும் சப்-கோர்ட்டிலும் தோற்றவர் மூன்றாவதாக இங்கே போடுவது இரண்டாம் மேல்முறையீடு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100ஆவது பிரிவு 1976இல் திருத்தப்பட்ட பிறகு, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால் மட்டுமே இதை எடுத்துக்கொள்வார்கள். வண்டிப் பாதைக்காகச் சண்டை போட்ட ஒரு சம்சாரியோடு போயிருந்தேன். கோர்ட் நியமித்த கமிஷனர் அளந்த வரைபடத்தைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, வேலிக்கல் நகர்ந்தது எங்கே என்று விளக்கத் தயாராக வந்திருந்தார் மனிதர். நீதிபதி வக்கீலிடம் கேட்டது ஒன்றே ஒன்று, இதில் சட்டக் கேள்வி என்ன? இரண்டு கோர்ட்டும் சாட்சியத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கும்போது, அந்த முடிவு ஆதாரமே இல்லாதது என்றோ சட்டத்தைத் தப்பாகப் படித்தது என்றோ காட்டினால்தான் உள்ளே நுழைய முடியும். காட்ட முடியவில்லை. அட்மிஷனிலேயே, அதாவது வழக்கை விசாரணைக்கு எடுப்பதா என்று பார்க்கிற முதல் கட்டத்திலேயே, தள்ளுபடி. வரைபடம் சுருட்டியபடியே பையில் இருந்தது. ‘பாதையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையேய்யா’ என்று பஸ் ஸ்டாப் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

சட்டப்படி இதில் குறை சொல்ல முடியாது. வழக்கு எங்காவது ஓரிடத்தில் முடியத்தானே வேண்டும். ஆனால் இதை அவருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். வரைபடத்தைப் பற்றிய சண்டையை முன்சீப் கோர்ட்டிலேயே முழு மூச்சோடு நடத்தியிருக்க வேண்டும். சாட்சியம் பதிவாகிற இடம் அதுதான். மதிப்பு அதிகமான சொத்து வழக்கு என்றால் முதல் மேல்முறையீடே இங்கே வரும், அதில் சாட்சியத்தையும் பார்ப்பார்கள். அட்மிட் ஆன சிவில் வழக்குகள் வருடக்கணக்கில் நிற்கின்றன. அப்பன் போட்ட அப்பீலில் மகன் பெயரைச் சேர்க்க மனுப் போடுவது இங்கே சாதாரணம். இந்தத் தாமதத்துக்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது. சென்னைக்கும் மதுரைக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட நீதிபதி இடங்களே 75, அவற்றையாவது காலியில்லாமல் வைக்க வேண்டும்.

பெரிய குறை ஒன்று மொழி. நீதிபதிகள் பலர் கட்சிக்காரரிடம் தமிழில் அன்பாகப் பேசுகிறார்கள். ஆனால் அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவின்படி நடவடிக்கையும் தீர்ப்பும் ஆங்கிலம். தமிழில் இருக்கிற பட்டா, பத்திரம், நான் எழுதிய மனு எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் வரவில்லை. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் இருக்கிறது. தன் வழக்கில் என்ன பேசினார்கள் என்பதை அப்பத்தா இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருப்பது சரியில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வழக்கு நம்பர் ஆனதும் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கிற 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள். ஈகோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதியையும் போட்ட உத்தரவையும் நீங்களே பார்க்கலாம், குமாஸ்தாவுக்கு நாலு தடவை போன் போட வேண்டாம். கையில் பணம் இல்லை என்றால் சட்டப் பணிகள் குழுவிடம் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100க்கு அழைத்துக் கேட்கலாம். ரிட்டில் தனி நீதிபதியிடம் தோற்றால் இரண்டு நீதிபதிகளிடம் அப்பீல் போட 30 நாள். ஜெயித்தும் அதிகாரி உத்தரவை நிறைவேற்றவில்லை என்றால் அவமதிப்பு மனுப் போடலாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். இன்று செய்கிறேன், நாளை செய்கிறேன் என்று அலுவலகத்தில் இழுத்தடித்தே அந்த ஒரு வருடத்தைக் கடத்திவிடுவார்கள். தீர்ப்பில் சொன்ன கெடு முடிந்த மறுநாளே தீர்ப்பு நகலோடு ஒரு நினைவூட்டு மனு கொடுத்து, அதிலும் முத்திரை வாங்கிவிடுங்கள்.