கிராஃபைட் அளக்க கான்கிரீட் மீட்டர் போதுமா?

கான்கிரீட் சோதனைக்கென்று விற்கும் கையடக்க மீயொலி வேகமானியை கிராஃபைட்டுக்கும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் ஒலியை அனுப்பி, அது மறுபக்கம் வந்து சேரும் நேரத்தைக் கொண்டு வேகத்தைச் சொல்லும். பெரிய கட்டிகளுக்கு இது அருமையான கருவி. சின்னத் துண்டுகளை மட்டும் பெட்டியோடு வரும் டிரான்ஸ்டியூசரால் (ஒலியை அனுப்பும், வாங்கும் உறுப்பு) அளக்கவே கூடாது.

காரணம் அலைநீளம். பெட்டியில் பெரும்பாலும் இருப்பது 50 மி.மீ. முகம் கொண்ட 54 கிலோஹெர்ட்ஸ் ஜோடி. கிராஃபைட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 2,500 மீட்டர் போகும் என்று கொண்டால் அலைநீளம் 46 மி.மீ. ஆகிறது. 25 மி.மீ. கன சதுரத்துக்குள் ஒரு முழு அலைகூட அடங்காது. திரையில் எண் வரும், அதற்குப் பொருள் இருக்காது. நுண்மணி கிராஃபைட் என்றால் 1 மெகாஹெர்ட்ஸ் ஜோடியைத் தனியாக வாங்குங்கள், அலைநீளம் 2.5 மி.மீ. ஆகிவிடும். அதையே மி.மீ. அளவு கோக் துகள்கள் கொண்ட மின்முனை கிராஃபைட்டில் வைத்தால் ஒலி சிதறி மறுமுனைக்கு வந்தே சேராது. அங்கே 54 கிலோஹெர்ட்ஸ்தான் சரி.

அலைவடிவம் காட்டும் திரை இல்லாத மாடலை வாங்க வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். கிராஃபைட்டில் முதல் அலை மிகத் தளர்ந்து வரும். எண் மட்டும் காட்டும் மீட்டர் அதைத் தவறவிட்டு அடுத்த சுழற்சியைப் பிடித்துவிடும். 200 மி.மீ. கட்டிக்கு 80 மைக்ரோநொடி வரவேண்டிய இடத்தில் 98.5 வரும், வேகம் 2,030 ஆகச் சரியும். நல்ல கட்டியை விரிசல் கட்டி என்று ஒதுக்கிவிடுவோம். திரை இருந்தால் பெருக்கத்தைக் கூட்டி, முதல் எழுச்சியில் குறியைக் கையால் வைக்கலாம்.

அடுத்த தொல்லை, டிரான்ஸ்டியூசருக்கும் கட்டிக்கும் இடையே காற்று நிற்காமல் இருக்கத் தடவும் ஜெல். கிராஃபைட் நுண்துளைகள் நிறைந்தது, ஜெல்லை உறிஞ்சிக்கொள்ளும். எடையும் வேகமும் மாறும், தூய்மை தேவைப்படும் துண்டு கெட்டே போகும். ரப்பர் முனைகளை மாட்டி உலர்வாக அளப்பதே நல்லது. முனை மாட்டியதும் பூச்சியத்தை (நேரம் எண்ணத் தொடங்கும் புள்ளியை) கட்டாயம் மறுபடி சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் ரப்பரில் ஒலி மெதுவாகப் போகும். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம் கொடுக்க வேண்டும், அதற்குக் கையைவிட ஒரு சிறு கவ்வி நம்பகமானது. ஈரமான துண்டை 110 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, ஆறவைத்த பிறகே அளக்கவும்.

நேரப் பிரிதிறன், அதாவது மீட்டர் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய நேரம், 0.1 மைக்ரோநொடி என்பது 200 மி.மீ. கட்டிக்குத் தாராளம். 25 மி.மீ. துண்டிலோ மொத்த நேரமே 10 மைக்ரோநொடிதான். வேகத்தில் 1 சதவீதப் பிழை, வேகத்தின் வர்க்கம் வருவதால் யங் குணகத்தில் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) 2 சதவீதம்.

குணகக் கணக்குக்கு ஏஎஸ்டிஎம் சி769 என்ற சோதனைத் தரநிலை வழிகாட்டுகிறது. அடர்த்தி 1,780 கி.கி./கன மீட்டர், வேகம் 2,500 என்றால் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க 11.1 ஜிகாபாஸ்கல் வரும். பாய்சான் விகிதம் (நீளவாட்டில் அழுத்தினால் பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்பது) 0.2 என்று எடுத்துத் திருத்தினால் 10.0. திருத்தாத எண்ணை அறிக்கையில் எழுதுவது பரவலான தவறு.

இந்தக் கருவியின் உண்மையான பலன் திசை ஒப்பீடு. பிதுக்கி வார்த்த கட்டியில் துகள்கள் நீளவாட்டில் படுத்திருப்பதால் அந்தத் திசையில் வேகம் கூடும், குறுக்கே குறையும். மூன்று திசையிலும் அளந்து விகிதம் போட்டால், வெட்டாமலே துகள்களின் அடுக்கு தெரிந்துவிடும். ஆக்சிஜனேற்றத்தில் அரித்த கட்டியிலும் வேகம் இறங்கும், வெளித்தோற்றம் மாறாத கட்டத்திலேயே. அதற்குப் புதிதாக இருந்தபோதே, அதே புள்ளிகளில், அதே முனைகளால் எடுத்த அளவு கையில் இருக்க வேண்டும்.