10 மடங்கு லூப்: அச்சுப் பிழையா, அச்சுத் தேய்மானமா?

மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்த இந்த 10 மடங்கு லூப் (கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி), நாணயத்தை விளிம்புவரை நிறம் பிரியாமல் காட்டுகிறது. நாணயம் அடிக்கும் அச்சிலேயே எழுத்து இரட்டிப்பாகிவிட்டால், அந்த நாணயத்தில் இரண்டாம் எழுத்தும் முதலெழுத்தைப் போலவே உருண்டு மேடாக நிற்பதும், எழுத்து முனைகள் பிளவுபட்டிருப்பதும் இதில் ஐயமறத் தெரிகின்றன. தேய்ந்த அச்சில் அடித்த நாணயத்திலோ எழுத்தோரம் கரைந்து பரவி, பரப்பு ஆரஞ்சுத் தோலைப் போலச் சொரசொரத்திருக்கும். 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தில் இரு வகையும் உண்டு. தேய்மானத்தால் கடைசி 5 இரட்டையாகத் தோன்றுவதை 'ஏழையின் இரட்டை அச்சு' என்பார்கள். நான் பிழையென்று பொத்திவைத்திருந்த ஐந்து நாணயங்களில் நான்கைத் தேய்மானமென்று காட்டிக்கொடுத்ததும் இந்த லூப்தான். குறை, இதிலுள்ள விளக்கு: ஒளி நேர்மேலிருந்து விழுவதால் நிழல் மறைந்து, மேடும் தட்டையும் ஒன்றுபோலாகின்றன. அதை அணைத்துவிட்டு, மேசை விளக்கைச் சாய்வாக வைத்தே பார்க்கிறேன்.