கார் கண்ணாடியில் உப்புக்கறை: வினிகரா, சிட்ரிக் ஆசிடா, பாலிஷா?

காரைக் கழுவித் துடைக்காமல் வெயிலில் விட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாய் வட்டங்கள் வந்துவிடும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது, அதில் கரைந்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் கார்பனேட்டாகக் கண்ணாடியிலேயே தங்கிவிடுகின்றன. ஷாம்பூ போட்டுத் தேய்த்தாலும் இது போகாது, ஏனென்றால் ஷாம்பூவின் வேலை அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுப்பது. கார்பனேட்டைக் கரைக்க அமிலம் வேண்டும்.

எதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் விரல் நகத்தால் கறையை லேசாக வருடிப் பாருங்கள். சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் உப்பு கண்ணாடிக்கு மேலே படிந்திருக்கிறது, அமிலம் போதும். கண்ணாடி வழவழப்பாக இருந்தும் வட்டம் தெரிகிறது என்றால், அது பெரும்பாலும் அரிப்பு. தண்ணீர் நாள்கணக்கில் கண்ணாடி மேல் நின்று காயும்போது கண்ணாடியிலுள்ள சோடியம் கசிந்து, அந்தத் துளி காரத்தன்மை அடைந்து, கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவையே தின்னத் தொடங்கும். அங்கே கரைக்க எதுவும் மிச்சம் இல்லை. எத்தனை பாட்டில் வினிகர் ஊற்றினாலும் அந்த வட்டம் அசையாது.

வினிகரை முதலில் எடுத்துக்கொள்வோம். வீட்டு வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 5 சதவீதம். புதிய கறைக்கு இது தாராளம். துணியை நனைத்துக் கறைமேல் ஒட்டவைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போய்விடும். இதில் உருவாகும் கால்சியம் அசிடேட் தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் அலசுவதும் சுலபம். நெடி ஒன்றுதான் தொல்லை. பழைய, தடித்த படிவு என்றால் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

என் ஓட்டு சிட்ரிக் ஆசிட் பவுடருக்குத்தான். அசிட்டிக்கை விட வலுவான அமிலம், நெடி கிடையாது, செறிவை நாமே வைத்துக்கொள்ளலாம். 250 மி.லி. தண்ணீரில் 20 கிராம் கலந்தால் ஏறக்குறைய 8 சதவீதம், இதுவே பெரும்பாலான கறைக்குப் போதும். ஆனால் வினிகர் மாதிரி அலட்சியமாக விட முடியாது. இதில் உருவாகும் கால்சியம் சிட்ரேட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கரைசலைக் கண்ணாடியிலேயே காயவிட்டால் ஒரு வெள்ளையை எடுத்து இன்னொரு வெள்ளையைப் போட்ட கதையாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். எலுமிச்சையைப் பிழிந்து தேய்ப்பவர்களும் உண்டு. அதிலும் இதே அமிலம்தான், கூடவே சர்க்கரையும் சக்கையும் வருவதால் எனக்குப் பிடிப்பதில்லை.

வினிகரோடு சமையல் சோடாவைச் சேர்த்து நுரை பொங்க வைக்கும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதைத்தான் அந்த நுரை காட்டுகிறது. கறைக்கு மிஞ்சுவது உப்புத்தண்ணீர்!

கடையில் விற்கும் வாட்டர் ஸ்பாட் ரிமூவர்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று அமில ஜெல். செங்குத்தான பக்கக் கண்ணாடியில் வழியாமல் ஒட்டி நிற்கும், அந்த வசதிக்குத்தான் கூடுதல் காசு. இன்னொன்று தேய்க்கும் துகள் கலந்த பாலிஷ். லேபிளைப் பார்க்காமல் வாங்கினால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அம்மோனியம் பைஃப்ளூரைடோ இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். சிலிக்கா கறையைக்கூட அவை கரைக்கும், உண்மைதான். கண்ணாடியும் சிலிக்காதான். தோலில் பட்டால் வலி தெரிவதற்குள் உள்ளே ஊடுருவிவிடும். டாய்லெட் கழுவும் ஆசிடும் வேண்டாம், அதன் ஆவி பட்டாலே குரோம் பாழாகும்.

அரிப்புக்கு இருக்கும் ஒரே நல்ல வழி சீரியம் ஆக்சைடு பாலிஷ். பவுடரைத் தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் பேடு (அழுத்திய கம்பளித் திண்டு) வைத்துப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். பேடு காயவே கூடாது, சூடேறினால் கண்ணாடி விரிசல் விடலாம். பக்கக் கண்ணாடிகளில் தைரியமாகச் செய்யலாம். முன் கண்ணாடியில் ஒரே இடத்தை அழுத்தித் தேய்த்தால் அங்கே லேசான பள்ளம் விழுந்து காட்சி நெளியும், இரவில் எதிரே வரும் விளக்கு அதில் பட்டால் எரிச்சலாக இருக்கும். ஆழமான அரிப்பு என்றால் கண்ணாடி மாற்றுவதே மேல்.

ஸ்டீல் உல் (இரும்பு இழைப் பஞ்சு) என்றால் மிக மெல்லிய 0000 நம்பர் மட்டும், அதுவும் வெளிப்பக்கம், நன்றாக நனைத்துக்கொண்டு. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பர் கிட்டேயே வரக்கூடாது. அதில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு கண்ணாடியை விடக் கடினமானது, கீறல் நிச்சயம்.

எதைப் போட்டாலும் நிழலில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். அமிலத்தைப் பெயின்டிலும் ரப்பரிலும் வழியவிடாதீர்கள். மழைநீர் ஒட்டாத கோட்டிங் ஏற்கெனவே போட்டிருந்தால் பாலிஷில் அதுவும் போய்விடும், மறுபடி போட வேண்டும். அதற்கு முன் கடைசி அலசலை ஆர்ஓ தண்ணீரில் முடித்து, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.