ஒரே மட்டக்குதிரைக் கதை, மூன்று பதிப்புகள்: எதை வாங்கலாம்?

ரூபி ஃபெர்குசன் 1949-இல் எழுதிய 'ஜில்ஸ் ஜிம்கானா'வில் ஜில் என்ற சிறுமியின் குதிரைக்கு 'பிளாக் பாய்' என்று பெயர். 1990களில் வந்த பதிப்பில் அதே குதிரை 'டேனி பாய்' ஆகிவிட்டது. பழைய பிரிட்டிஷ் மட்டக்குதிரைக் கதைகளைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் தலைப்பை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில், கெட்டி அட்டை போட்ட முதல் பதிப்புகள். ஜோனா கேனனின் 'எ போனி ஃபார் ஜீன்' (1936) நல்ல உதாரணம். விலா எலும்பு தெரிய மெலிந்துபோன, எல்லோரும் 'டோஸ்ட்ராக்' (ரொட்டித் துண்டுகளைச் செருகி வைக்கும் கம்பித் தாங்கி) என்று கேலி செய்த குதிரைக்கு ஜீன் 'கேவலியர்' என்று பெயர் வைத்துத் தேற்றுகிறாள். ஆன் புல்லனின் படங்கள் இந்தக் கதையோடு ஒட்டிப் பிறந்தவை. குதிரையோடு வாழ்ந்தவர் வரைந்த கோடு அது. காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதிலேயே குதிரையின் மனநிலை தெரிந்துவிடும்.

சிக்கல் விலைதான். மேலுறை, அதாவது அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் தாளுறை, இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அதில் சிறு பங்கு. என் கருத்தில், மேலுறை போன பிரதியைத் தயங்காமல் வாங்கலாம். எழுத்தும் படமும் உள்ளேதானே இருக்கின்றன. 1940களில் வந்தவற்றை மட்டும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். புத்தகங்களுக்கான போர்க்காலக் காகிதக் கட்டுப்பாடு பிரிட்டனில் 1949 வரை நீடித்ததால், அந்த ஆண்டுகளின் தாள் மெல்லியது, சீக்கிரம் பழுத்துவிடும். என்னிடம் உள்ள ஒரு பிரதியில் ஓரங்கள் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டன. முதல் பக்கத்தில் ஏதோ ஒரு குழந்தை பென்சிலால் லாடம் வரைந்து வைத்திருக்கிறது. விற்பனையாளர்கள் அதைக் குறை என்று எழுதுவார்கள். எனக்கு அதுதான் அந்தப் பிரதியின் அழகு.

அடுத்தது 1960, 70களின் பேப்பர்பேக்குகள். மலிவு, கைக்கு அடக்கம், அட்டைப்படம் கண்ணைப் பறிக்கும். ஆனால் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். மோனிகா எட்வர்ட்ஸின் நாவல்களில் பல, அர்மடா என்ற சிறுவர் நூல் வரிசையின் பேப்பர்பேக்கில் சுருக்கப்பட்டே வந்தன. இங்கிலாந்தின் ரோம்னி மார்ஷ் சதுப்பு நிலத்தையும் கடற்கரையையும் அவர் நிதானமாக வர்ணிப்பதற்காகத்தான் அவரைப் படிக்கிறோம். கத்தரிக்கோல் முதலில் விழுவது அந்த மாதிரி இடங்களில்தான். தலைப்புகளும் மாறும். ஃபெர்குசனின் 'ஜில் என்ஜாய்ஸ் ஹெர் போனீஸ்' (1954) பிறகு 'ஜில் அண்ட் தி ரன்அவே' ஆனது. இரண்டும் வேறு கதை என்று நம்பி இரண்டையும் வாங்கியவன் நான். ஒட்டுப் பசை காய்ந்து முதுகு பிளப்பதும் இந்த வகையில் சகஜம்.

மூன்றாவது, 2000-க்குப் பிறகு ஃபித்ரா புக்ஸ், கேர்ள்ஸ் கான் பை போன்ற சிறு பதிப்பகங்கள் கொண்டுவந்த மறுபதிப்புகள். சுருக்காத முழுக் கதை, பெரும்பாலும் பழைய படங்களோடு. பிரிம்ரோஸ் கம்மிங்கின் 'சில்வர் ஸ்னாஃபிள்ஸ்' (1937) ஃபித்ரா வழியாகத்தான் மீண்டும் கைக்கு எட்டியது. லாயத்தின் இருண்ட மூலை வழியே நுழைந்தால், குதிரைகளே குழந்தைகளுக்குச் சவாரி சொல்லித்தரும் உலகம்! குறைந்த பிரதிகளே அச்சாவதால் தீர்ந்த பிறகு இவையும் விலை ஏறிவிடும். கண்ணில் பட்டால் தள்ளிப் போடாதீர்கள்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் மறுபதிப்பையே கொடுங்கள். புரட்டிப் புரட்டி நைந்துபோனாலும் மனம் பதறாது. அலமாரிக்கு என்றால் மேலுறை இல்லாத முதல் பதிப்பு. பேப்பர்பேக்கை, பதிப்பு விவரப் பக்கத்தில் 'சுருக்கப்பட்டது' (abridged) என்ற குறிப்பு இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேட்டுப் பார்த்து, முடிந்தால் பழைய பிரதியோடு அத்தியாய எண்ணிக்கையையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.